குளிசையா, வலிப்பா, அளவுகோலா?

வெள்ளவத்தையில் காலி வீதியோரச் சீலைக்கடை ஒன்றில் என் சின்னம்மாவின் மகள் வேலை செய்கிறாள். போன வருடம் ஒரு அம்மா கூறைச்சீலை ஒன்றுக்கு முற்பணம் கட்டிவிட்டு, "எடுத்து வையுங்கோ பிள்ளை, வெள்ளிக்கிழமை வாறன்" என்று சொல்லிப் போயிருக்கிறார். வெள்ளிக்கிழமை அவர் வந்தபோது சீலை இல்லை. வியாழனன்று வேறொருவருக்கு விற்றிருந்தாள், விற்றவளும் இவளேதான். எடுத்து வைக்கச் சொன்னதே அவளுக்கு ஞாபகம் இல்லை. பற்றுச்சீட்டில் தன் கையெழுத்தைக் கண்ட பிறகுதான் நம்பினாள்.

பதினைந்து வயதிலிருந்து அவளுக்கு வலிப்பு இருக்கிறது. விழுந்து கை கால் இழுக்கும் வகை எப்போதாவதுதான் வரும். அடிக்கடி வருவது மற்றது: வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ மேலெழுவது போல ஒரு உணர்வு, பிறகு வெறித்த பார்வை, வாய் தானாகச் சப்புக்கொட்டும், ஒரு நிமிடத்தில் தெளிந்துவிடுவாள். ரியூஷன் வகுப்பில் இதைப் 'பகல் கனவு' என்று சொல்லிச் சொல்லியே இரண்டு வருடம் போனது.

சீலைக் கதை வீட்டுக்கு வந்ததும் சின்னம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். "எல்லாம் இந்தக் குளிசையால. பிள்ளையின்ர மூளையைத் தின்னுது." அன்றிலிருந்து யாருக்கும் சொல்லாமல் குளிசையைப் பாதியாக உடைத்துக் கொடுத்திருக்கிறார். இரண்டு கிழமையில் பஸ் தரிப்பில் வைத்து விழுந்தாள். உச்சியில் ஐந்து தையல். அதற்குப் பிறகு கிளினிக் வைத்தியர் அவளை ஞாபகச் சோதனைக்கு அனுப்பினார். எந்த இடம் என்பது இங்கே வேண்டாம். சோதித்தவருக்குச் சிங்களமும் ஆங்கிலமும் தெரியும், தமிழ் தெரியாது. எனவே மொழிபெயர்ப்பாளராக நான் பக்கத்துக் கதிரையில் இரண்டு மணி நேரம் இருந்தேன். அந்த இரண்டு மணி நேரம்தான் என்னை நரம்பு உளவியல் என்ற இந்தத் துறைக்குள் இழுத்துவிட்டது.

வலிப்பு நோயாளியைப் பார்க்கும் எல்லோரும் ஒரே விடயத்தைப் பார்ப்பதில்லை. ஈ.ஈ.ஜி. மூளையின் மின்னோட்டத்தைக் காட்டும், எம்.ஆர்.ஐ. அதன் உருவத்தைக் காட்டும். இந்தப் பிள்ளையால் ஒரு ஓடரை வெள்ளிக்கிழமை வரை மனதில் வைத்திருக்க முடியுமா என்று கேட்பவர் நரம்பு உளவியலாளர். கடதாசி, பென்சில், நிறுத்தற் கடிகாரம், படங்கள், சொற்பட்டியல்: கருவிகள் அவ்வளவுதான். ஆனால் இந்தத் துறையில் ஆராய்ச்சிக்கு வந்தவர்கள் ஒரு துப்பறியும் வேலைக்கு முழு வாழ்க்கையையும் கொடுத்திருக்கிறார்கள். ஞாபகம் குறைந்திருக்கிறது, சரி. குறைத்தது யார்? வலிப்பைத் தந்த அதே மூளைக் காயமா? வலிப்பா? மருந்தா? சத்திரசிகிச்சைக் கத்தியா? ஐந்தாவதாக ஒரு சந்தேக நபரும் இருக்கிறார், அவரிடம் பிறகு வருகிறேன்.

இந்தக் கேள்விக்கு உடல் கொடுத்தவர் பிரெண்டா மில்னர். 1918 இல் மான்செஸ்டரில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்து, கனடாவுக்குப் போனவர். மொன்ட்ரியலில் மக்கில் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் டொனால்ட் ஹெப்பின் மாணவியாக இருந்தபோது, 1950 இல், வைல்டர் பென்ஃபீல்டின் நரம்பியல் நிறுவனத்துக்கு நோயாளிகளைச் சோதிக்கப் போனார். மருந்துக்கு அடங்காத வலிப்புக்கு மூளையில் சத்திரசிகிச்சை செய்துகொண்டிருந்தவர் பென்ஃபீல்ட். காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் டெம்பொரல் லோப் என்ற பகுதியில் ஒரு பக்கத்தை மட்டும் வெட்டியெடுப்பார். பெரும்பாலானோருக்கு அதனால் பெரிய இழப்பு வரவில்லை.

இருவருக்கு மட்டும் வந்தது. ஒருவர் பொறியியலாளர், மற்றவர் கையுறை வெட்டும் தொழிலாளி. இருவருக்கும் இடப்பக்கச் சத்திரசிகிச்சை. புத்தி அப்படியே இருந்தது, புது விடயம் மட்டும் மனதில் தங்கவில்லை. ஒரு பக்கத்தைத்தானே எடுத்தோம், மற்றப் பக்கம் இருக்கிறதே என்று பென்ஃபீல்ட் தடுமாறினார். மில்னரும் அவரும் வந்த ஊகம் இது: இந்த இருவருக்கும் வலப்பக்கம் முன்பே பழுதாகி இருந்திருக்க வேண்டும், நாம் எடுத்தது வேலை செய்துகொண்டிருந்த கடைசிப் பாதியை. பொறியியலாளர் சில ஆண்டுகள் கழித்து வேறு காரணத்தால் இறந்தார். பிரேத பரிசோதனையில் அவரது வலப்பக்க ஹிப்போகாம்பஸ், அதாவது டெம்பொரல் லோபின் உட்புறத்தில் புது ஞாபகத்தைப் பதிக்க உதவும் பகுதி, சுருங்கிப் போயிருந்தது. ஊகம் சரி.

1955 இல் இதைப் பற்றி அமெரிக்க நரம்பியல் சங்கக் கூட்டத்துக்கு அனுப்பிய சுருக்கத்தை ஹாட்ஃபோர்ட் நகர சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் ஸ்கோவில் வாசித்துவிட்டு பென்ஃபீல்டுக்குத் தொலைபேசி எடுத்தார். இதே போல ஒருவர் என்னிடமும் இருக்கிறார் என்றார். அவர்தான் பல பத்தாண்டுகள் 'எச்.எம்.' என்ற இரண்டு எழுத்துகளாக மட்டும் பாடப்புத்தகங்களில் வாழ்ந்த ஹென்றி மொலைசன். 1953 இல், 27 வயதில், அவருக்கு இரண்டு பக்க ஹிப்போகாம்பஸிலும் பெரும் பகுதியை ஸ்கோவில் எடுத்திருந்தார். வலிப்பு குறைந்தது. புதிதாக எதையும் நினைவில் வைக்கும் திறனும் அதோடு போய்விட்டது.

மில்னர் மொன்ட்ரியலிலிருந்து இரவு ரயிலேறி அவரைப் பார்க்கப் போவார். ஒவ்வொரு முறையும் மொலைசனுக்கு மில்னர் புது ஆள்தான். ஒருமுறை அவருக்கு ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்து, கையை மறைத்து, கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டே இரட்டைக் கோட்டுக்கு நடுவே பென்சிலால் வரையச் சொன்னார். செய்து பார்த்தால் தெரியும், கை எதிர்ப்பக்கம்தான் ஓடும். மூன்று நாள் பயிற்சியில் மொலைசன் பிசகில்லாமல் வரையத் தொடங்கினார். மூன்றாம் நாள், இதற்கு முன் இதைச் செய்ததே இல்லை என்ற எண்ணத்தோடு உட்கார்ந்து, இவ்வளவு சுலபமாக வருகிறதே என்று தானே வியந்தார். தலை மறந்ததைக் கை வைத்திருந்தது. ஞாபகம் என்பது ஒரே பெட்டி என்ற எண்ணம் அந்த நட்சத்திரத்தோடு போனது. 1957 இல் வந்த ஸ்கோவில், மில்னர் கட்டுரைதான் அவரைப் பற்றிய முதல் பெரிய அறிக்கை. மொலைசன் 2008 வரை இருந்தார். மில்னரின் மாணவி சூசன் கோர்கின் அவரை ஏறக்குறைய அரை நூற்றாண்டு தொடர்ந்து ஆய்வு செய்தார்.

நோயாளிகளுக்கு இதனால் கிடைத்தது ஒரு எச்சரிக்கை. ஒரு பக்கத்தை வெட்டுமுன் மறுபக்கம் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜப்பானில் பிறந்து கனடாவில் பணியாற்றிய ஜூன் வாடாவின் பெயரால் அறியப்படும் சோதனை அதற்கு உதவியது: கழுத்து நாடியில் மருந்தைச் செலுத்தி மூளையின் ஒரு பாதியைச் சில நிமிடம் தூங்க வைப்பார்கள். எதிர்ப்பக்கக் கை தொப்பென்று விழும். அந்தச் சில நிமிடத்துக்குள் நரம்பு உளவியலாளர் கட்டிலருகே நின்று படம் படமாகக் காட்டி, பெயர் கேட்டு, மருந்து தெளிந்த பிறகு எதையெல்லாம் கண்டீர்கள் என்று கேட்பார். இப்போது மொழி எந்தப் பக்கம் என்று அறியப் பெரும்பாலும் எஃப்.எம்.ஆர்.ஐ., அதாவது மூளையின் எந்த இடம் வேலை செய்கிறது என்று காட்டும் ஸ்கேன், போதும் என்கிறார்கள்.

சரி, தங்கச்சியின் தலையில் யாரும் கத்தி வைக்கவில்லை. அவளுக்கு மறதி எங்கிருந்து?

சின்னம்மா குளிசையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதில் முழுத் தவறும் இல்லை. 1912 இல் வலிப்புக்கு வந்த பீனோபார்பிட்டோன் மந்தத்தையும் கூட்டி வரும் என்பது பழைய செய்தி. டோபிரமேட் என்ற வலிப்பு மருந்து சிலருக்குச் சொல்லை நாக்கு நுனியிலேயே நிறுத்திவிடும். லெவெட்டிரசிட்டாம் என்ற இன்னொன்று சிலருக்கு எரிச்சலைக் கிளப்பும். ஒரு மருந்து குறைந்த அளவில் செய்யாததை மூன்று மருந்துகள் சேர்ந்தால் செய்யும். பெண் பிள்ளைகள் விடயத்தில் சோடியம் வல்ப்ரோயேட் தனிக் கதை. கர்ப்ப காலத்தில் தாய் எடுத்த மருந்துக்கும் பிள்ளையின் ஆறு வயது ஐ.கியூ.வுக்கும் உள்ள தொடர்பை கிம்ஃபோர்ட் மீடர் தலைமையிலான ஆய்வு 2013 இல் வெளியிட்டது. லமோட்ரிஜின், பினிட்டொயின் எடுத்த தாய்மாரின் பிள்ளைகளுக்குச் சராசரி 108, கார்பமஸெபினுக்கு 105, வல்ப்ரோயேட்டுக்கு 97. கலியாணப் பேச்சு நடக்கும் வீட்டில் இந்த எண்கள் தெரிந்திருக்க வேண்டும், அதற்கென்று குளிசையைத் தானே நிறுத்தவும் கூடாது. மாற்றுவதென்றால் கர்ப்பத்துக்கு முன்பே வைத்தியரோடு கதைத்து மாற்ற வேண்டும்.

ஆனால் குளிசை தொடங்குமுன்பே பிள்ளை எப்படி இருந்தாள் என்று யாராவது கேட்டார்களா? அமெரிக்காவின் விஸ்கான்சினில் புரூஸ் ஹேர்மன் என்ற நரம்பு உளவியலாளர் கேட்டார். அவரும் குழுவினரும் வலிப்பு புதிதாகக் கண்டறியப்பட்ட பிள்ளைகளை எடுத்து, நோயில்லாத பிள்ளைகளோடு ஒப்பிட்டு 2006 இல் எழுதினார்கள். நோய் கண்டறிந்த தொடக்கத்திலேயே மெல்லிய பின்னடைவு பரவலாகத் தெரிந்தது. இன்னும் முக்கியம், அவர்களில் பலருக்கு முதல் வலிப்பு வருமுன்பே பாடசாலையில் மேலதிக உதவி தேவைப்பட்டிருந்தது. மூளைக்குள் ஏதோ ஒன்று முன்பே நடந்துகொண்டிருக்கிறது, வலிப்பு அதன் ஒரு முகம், படிப்புத் தடுமாற்றம் இன்னொரு முகம்.

இதைச் சின்னம்மாவுக்குச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஓம், ஐஞ்சாம் ஆண்டிலயே வாய்ப்பாடு நிக்காது" என்றார். வலிப்பு வந்தது பத்தாம் ஆண்டில்.

இதுவரை சொன்னதெல்லாம் வலிப்பு சிந்தனையைக் கெடுக்கும் வழி. மறுவழியும் உண்டு: சிந்தனையே வலிப்பைக் கிளப்புவது. அதைப் பற்றி எழுதியவர்களில் முக்கியமான ஒருவர் நம் நாட்டவர், பேராதனையில் மருத்துவப் பேராசிரியராக இருந்த நிமல் சேனநாயக்க. சீட்டு, டாம் போன்ற விளையாட்டுகளில் மூழ்கும்போது வலிப்பு வருவோர் பற்றி 1987 இலும், கணக்குச் செய்யும்போது வருவோர் பற்றி 1989 இலும் அவர் எழுதிய கட்டுரைகள் உலக இதழ்களில் வந்தன. சாப்பாட்டு வேளையில் வரும் வலிப்பை அவர் ஆராய்ந்ததும் அப்படியே, அது இலங்கையில் மற்ற நாடுகளைவிடக் கூடுதலாகப் பதிவானது. சீட்டில் 304 விளையாடிக்கொண்டே விழுந்த மாமாக்களை நம்மில் எத்தனை பேர் 'கண்பட்டது' என்று கணக்கில் எழுதியிருப்போமோ!

பெயரைப் பற்றியும் ஒரு சொல். 'காக்காய் வலிப்பு' என்பதில் காகத்துக்கு வேலையில்லை, 'கால் கை வலிப்பு' என்பதுதான் வாயில் தேய்ந்து அப்படி ஆனது என்பார்கள். தங்கச்சிக்கு அடிக்கடி வருவதில் காலும் கையும் இழுப்பதே இல்லை. அந்தப் பெயரால்தான் அவளுடைய வெறித்த பார்வையை இரண்டு வருடம் ஒருவரும் வலிப்பென்று நினைக்கவில்லை என்று எனக்குப் படுகிறது. கையில் இரும்புத் திறப்பைத் திணிப்பதும் அதே பரம்பரைச் சொத்துத்தான். அதனால் பயனில்லை. பக்கவாட்டில் திருப்பிக் கிடத்தி, நேரத்தைப் பார்த்து, ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுதான் உதவி.

இனி அந்த ஐந்தாவது சந்தேக நபர், அளவுகோல்.

முதல் சோதனை எண்கள். சோதிப்பவர் நொடிக்கு ஒன்றாக எண்களைச் சொல்வார், நோயாளி அதே வரிசையில் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் சொன்னார். தங்கச்சி தமிழ் மூலத்தில் படித்தவள், அவள் உதடு ஒவ்வொன்றையும் தமிழாக்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. நாலு எண்ணோடு நின்றுவிட்டாள். பிறகு என்னைத் தமிழில் சொல்லச் சொன்னார். "ஏழு, ரெண்டு, ஒம்பது, நாலு, அஞ்சு." ஐந்து வந்தது, ஆறில் விழுந்தாள். மேசையிலிருந்த அட்டவணை அந்தக் கணக்கை ஆங்கிலப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு ஒரு மதிப்பெண் கொடுத்தது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மனம் எண்களை உள்ளுக்குள் சொல்லிச் சொல்லித்தான் பிடித்து வைத்திருக்கிறது. சொல் நீண்டால் கொள்ளளவு குறையும். வெல்ஷ் மொழியும் ஆங்கிலமும் தெரிந்தவர்களை எல்லிஸும் ஹெனெல்லியும் 1980 இல் சோதித்தார்கள். ஒரே ஆள் ஆங்கிலத்தில் கூடுதலான எண்களைத் திருப்பிச் சொன்னார், வெல்ஷில் குறைவு, ஏனென்றால் வெல்ஷ் எண்களைச் சொல்ல அதிக நேரம் எடுக்கும். நம் 'ஏழு', 'எட்டு', 'ஆறு' எல்லாம் இரண்டு அசை, 'ஒம்பது' மூன்று. ஆங்கிலத்தில் ஒன்று முதல் ஒன்பது வரை ஏழைத் தவிர எல்லாமே ஓரசை. அந்த அட்டவணையில் தமிழ்ப் பிள்ளை உட்காருமுன்பே கொஞ்சம் தோற்றுவிட்டாள்.

அடுத்தது ஒரு எழுத்தைச் சொல்லி, அதில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் எத்தனை சொல்ல முடியும் என்பது. 'ப' என்றேன். தங்கச்சி கேட்டாள்: "அண்ணா, 'ப' மட்டுமோ, 'பா', 'பி'யும் சேத்தோ?" நான் சோதிப்பவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. 26 எழுத்து மொழிக்குச் செய்த சோதனையை 247 எழுத்து மொழிக்குள் கொண்டுவந்தால் இதுதான் நடக்கும். 'பாம்பு' சரியா பிழையா என்பதற்கு அந்த அறையில் விதியே இல்லை. சிங்களத்துக்கும் ஏறக்குறைய இதே சிக்கல் உண்டு. விலங்குகளின் பெயர் சொல்லச் சொன்னபோது தடையில்லாமல் ஓடினாள், உடும்பு வரைக்கும் போனாள்.

படம் காட்டிப் பெயர் கேட்கும் பாஸ்டன் சோதனையில் 60 படங்கள். அதில் பீவர் வரும், பனிக்கட்டி வீடு வரும். வெள்ளவத்தைப் பிள்ளை பீவரைக் கண்டு விழித்தால் அது டெம்பொரல் லோப் பழுதா? இந்தியாவில் பெங்களூருவின் மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் 2004 இல் தனக்கென ஒரு சோதனைத் தொகுப்பை வெளியிட்டது, அது பெரிய வேலை. ஆனாலும் அக்கரைத் தமிழ்ப் பட்டியல் ஒன்றை அப்படியே இங்கே எடுத்துவர முடியாது. 'நாற்காலி' என்று பட்டியலில் இருக்கும், இவள் அரை மணி நேரம் கழித்து 'கதிரை' என்பாள். தமிழ் தெரியாதவர் பிழை போடுவார். யாழ்ப்பாணத்துச் சொல், மட்டக்களப்புச் சொல், மலையகச் சொல், கொழும்பு முஸ்லிம்களின் சொல் என்று இங்கேயே நாலு தமிழ் இருக்கிறது. இயந்திரங்களும் கட்டடமும் கொழும்பில் வந்துவிட்டன, தேசிய வைத்தியசாலையோடு வலிப்புக்கென்றே தனி நிலையம் இருக்கிறது. ஒரு நல்ல தமிழ்ச் சொற்பட்டியலை உருவாக்கி, ஊரூராகச் சுகதேகிகளிடம் சோதித்து அட்டவணை போடுவதற்கு ஸ்கேன் இயந்திரத்தின் விலையில் சிறு பங்கும் வேண்டாம். பொறுமையும் தமிழ் தெரிந்த பத்துப் பட்டதாரிகளும் போதும். ஒரு ஆராய்ச்சியாளரின் வாழ்நாள் வேலையாக இது தாங்கும்.

இவ்வளவு குறையோடும் அந்தச் சோதனை ஒன்றைக் காட்டியது. சொற்பட்டியல் சோதனை: 15 சொற்கள், ஐந்து முறை வாசிப்பு, பிறகு வேறு வேலை கொடுத்துவிட்டு ஏறத்தாழ அரை மணி நேரம் கழித்துக் கேட்பார்கள். சுவிற்சர்லாந்தின் அந்திரே ரே விட்டுப்போன முறை இது. அந்தச் சொற்களை இங்கே எழுதமாட்டேன், வாசித்துவிட்டுப் போனால் சோதனை கெட்டுவிடும். தங்கச்சி அரை மணி நேரத்துக்குப் பிறகு 11 சொன்னாள். சோதித்தவர் சிரித்தார், சாதாரணம் என்றார். சின்னம்மாவுக்குக் கோபம். "அப்ப சீலையை வித்தது யார்?"

இந்த முரண் துறைக்குப் புதிதல்ல. நோயாளி சொல்லும் மறதியும் சோதனையில் தெரியும் மறதியும் அடிக்கடி ஒத்துப்போகாது. சில வேளை மனச்சோர்வு காரணம், அதற்கு மருந்து வேறு. இன்னொரு காரணத்தைப் பிரித்தானியாவில் கிறிஸ் பட்லர், ஆடம் ஸீமன் போன்றோர் டெம்பொரல் லோப் வலிப்புக்காரரிடம் விரிவாக ஆராய்ந்தார்கள். சிலர் அரை மணி நேரத்தில் மற்றவர்களைப் போலவே சொல்வார்கள், மூன்று கிழமை கழித்துக் கேட்டால் பெரும்பகுதி காணாமல் போயிருக்கும். வாங்கி வைக்கும் இடத்தில் பழுதில்லை, நாள்கணக்கில் ஊறி நிலைக்கும் இடத்தில்தான் ஒழுகுகிறது. தூக்கத்தில் ஞாபகம் உறுதிப்படும் நேரத்தை வலிப்பு குழப்புகிறதா என்று இன்னும் வாதம் நடக்கிறது. அரை மணி நேரச் சோதனை இதைப் பிடிக்காது. திரும்பவும் பஸ் ஏறி வர நோயாளிக்கும் வசதியில்லை, கிளினிக்கில் அதற்கு நாளும் இல்லை.

மருந்தை விடுவதா தொடர்வதா என்பதற்கு ஜேர்மனியின் பொன் நகரில் கிறிஸ்தோஃப் ஹெல்ம்ஸ்டெட்டர் குழு 2003 இல் எழுதியது உதவும். டெம்பொரல் லோப் வலிப்புள்ள 147 பேர் சத்திரசிகிச்சை செய்தவர்கள், 102 பேர் மருந்தோடு மட்டும் இருந்தவர்கள். இரண்டு முதல் பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். இரு குழுவிலும் பாதிப் பேருக்காவது ஞாபகம் சரிந்திருந்தது. ஆனால் சத்திரசிகிச்சைக்குப் பின் வலிப்பு முழுதாக நின்றவர்களிடம் மீட்சி தெரிந்தது, தொடர்ந்தவர்களிடம் சரிவு கூடியது. உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது, சரியாக வைத்தியம் செய்தால் 70 வீதம் வரையானோர் வலிப்பின்றி வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த 70க்குள் வரக்கூடிய பிள்ளைக்குக் குளிசையைப் பாதியாக உடைப்பது ஞாபகத்தைக் காப்பாற்றும் வழியாக எனக்குத் தெரியவில்லை. சின்னம்மா இப்போது உடைப்பதில்லை. வைத்தியர் மருந்தின் அளவைத் தானே மாற்றி, இரவுக்குக் கூட்டிப் பகலுக்குக் குறைத்திருக்கிறார். கடையில் அவளுக்கு ஒரு சிவப்புக் கொப்பி இருக்கிறது, எடுத்து வைக்கும் சீலையெல்லாம் திகதியோடு அதில் எழுதுகிறாள்.

சோதனைக்குச் சில நாள் கழித்து, வீட்டுச் சாமான்களாகவே 15 சொல் எடுத்து, ஒரு ஞாயிறு பின்னேரம் அவளுக்கு ஐந்து முறை வாசித்தேன். அரை மணி நேரத்தில் 12 சொன்னாள். சொல்லாமல் கொள்ளாமல் மூன்றாம் கிழமை கடைக்குப் போன் எடுத்துக் கேட்டேன். மறுமுனையில் பஸ் இரைச்சல், யாரோ விலை கேட்கும் சத்தம். "தேங்காய்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "விளக்குமாறு". பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை.

"அண்ணா, தேங்காய் உங்கட லிஸ்டில இருந்ததோ, இல்ல அம்மா காலமை வாங்கிவரச் சொன்னவவோ?"